கவுன்சலிங்கில் சிறுவயதைப் பற்றிப் பேச எனக்கு வழி கிடைத்த விதம்

"சின்ன வயசு எப்படி இருந்தது?" என்று கவுன்சலர் கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. பெற்றவர்களை வெளியாளிடம் குறை சொல்கிறோமே என்று நெஞ்சை அடைக்கும். சரி, நடந்ததைச் சொல்ல முடியாவிட்டால் போகட்டும், ஏன் சொல்ல முடியவில்லை என்பதையாவது சொல்வோம் என்று, "இதைப் பேசினா வீட்டுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு மேடம்" என்றேன். அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினோம், அங்கேதான் பூட்டு திறந்தது.

அப்புறம் பெரிய விஷயங்களில் கை வைக்காமல் சின்னதாக ஆரம்பித்தேன். வாசலில் அப்பா ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போடும் சத்தம், நானும் தங்கையும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பது, அவர் வந்ததும் டிவியின் பின்பக்கம் கை வைத்துச் சூடு பார்ப்பது. சொல்லும்போதே கை நடுங்கியது. கவுன்சலர் உடனே நிறுத்தச் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் கண்ணில் படும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். நடுக்கம் அடங்கியது.

வாயில் வராததைப் போனில் எழுதிக்கொண்டு போய் வாசிக்கலாம். ஆனால் கவுன்சலிங் நேரம் முடியும்போது அதை எடுக்காதீர்கள், கிளறிய மனசு ஆற அவகாசம் வேண்டும்.

வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. பிறருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் பாரம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.