புகாரிலிருந்து தொடங்குங்கள்: தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான சமூக ஊடக வழிகாட்டி

தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கியதும் செய்யும் முதல் வேலை, பெரும்பாலும் பண்டிகை வாழ்த்துப் படம் ஒன்றில் தன் இலச்சினையைப் பொருத்தி வெளியிடுவதுதான். அதன் கீழே, ‘வாழ்த்து இருக்கட்டும், என் டிக்கெட்டுக்கு எப்போது பதில் வரும்?’ என்று யாராவது கேட்டிருப்பார். (டிக்கெட் என்பது நிறுவனத்திடம் பதிவு செய்த புகார்.) வாழ்த்துப் படம் போடுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. அந்தக் கேள்வியை என்ன செய்வது என்பதற்குத்தான் தேவை. ஏனெனில், வாடிக்கையாளரோடு உறவு வளர்வதும் முறிவதும் அந்த இடத்தில்தான்.

இத்துறையில் பலரும் பாடமாக எடுத்துச் சொல்லும் நிகழ்வு அமெரிக்காவின் டெல் கணினி நிறுவனத்தில் நடந்தது. வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவைக்கும் சேர்த்துப் பணம் கட்டி வாங்கிய டெல் மடிக்கணினி சரியாக இயங்கவில்லை என்றும், அந்தச் சேவையும் கைகொடுக்கவில்லை என்றும் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் 2005 ஜூனில் தம் வலைப்பூவில் எழுதத் தொடங்கினார். ‘டெல் நரகம்’ என்ற பெயரில் அது பரவியது. அதே மனக்குறையில் இருந்த பலர் அங்கே திரண்டனர். மறு ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் டெல் மடிக்கணினி ஒன்று தீப்பற்றி எரியும் படம் இணையமெங்கும் சுற்றியது. 2006 ஆகஸ்டில், சோனி தயாரித்த மின்கலங்களில் 41 லட்சத்தை டெல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதை யாவரும் சொல்வார்கள். அடுத்து அந்நிறுவனம் செய்தவற்றின் வரிசையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 2006 ஜூலையில் அது தன் சொந்த வலைப்பூவைத் தொடங்கி, எரிந்த கணினியைப் பற்றியும் அங்கேயே பேசியது. 2007 பிப்ரவரியில் ‘ஐடியாஸ்டார்ம்’ என்ற தளத்தைத் திறந்து, வாடிக்கையாளர்கள் யோசனைகளை எழுதவும் பிறர் அவற்றுக்கு வாக்களிக்கவும் வழி செய்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய கணினி வேண்டும் என்ற கோரிக்கை அங்கே மேலெழுந்து வர, அதே ஆண்டு மே மாதம் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு நிறுவிய கணினிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புதுப்பித்த கணினிகளை விற்பதற்கென நடத்திய கணக்கு உட்பட, ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) அது நடத்திய கணக்குகள் 2009 இறுதிக்குள் 65 லட்சம் டாலர் விற்பனையைத் தேடித்தந்தன. இணையத்தில் தன்னைப் பற்றிப் பேசப்படுவதைக் கவனிப்பதற்கென்றே 2010 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக்கில் தனி மையம் ஒன்றையும் அமைத்தது. பேசுவது, கேட்பது, கேட்டதைப் பொருளாகச் செய்து காட்டுவது ஆகியவை முந்தி வந்தன. சொல்லிக்கொள்ளும்படியான விற்பனை அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனமும் இதே வரிசையில் போகலாம்.

உங்களைப் பற்றி எங்கே பேசுகிறார்கள் என்று தேடுங்கள்

உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சரியாகக் குறித்து எழுதுபவர்கள் குறைவு. கோபத்தில் இருப்பவர் பெயரைப் பிழையாக எழுதுவார், மென்பொருளின் பெயரை மட்டும் எழுதுவார், தமிழிலும் எழுதுவார். ஆகவே நிறுவனத்தின் பெயர், ஒவ்வொரு மென்பொருளின் பெயர், அவற்றின் வழக்கமான எழுத்துப் பிழைகள், தமிழ் எழுத்துவடிவங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து, காலையிலும் மாலையிலும் ஒருவர் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். அளவு பெருகும்போது ஜோஹோ சோஷியல், ஹூட்சூட் போன்ற கருவிகள் இந்த வேலையை ஒரே திரையில் சேர்த்துத் தரும். தொடக்கத்திலேயே அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை. ஒரு மாதம் கையால் தேடியவருக்குத்தான் கருவியில் என்ன வேண்டும் என்பது தெரியும்.

எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. சேவை முடங்கும்போதும் புகார் சொல்லும்போதும் மக்கள் எக்ஸ் தளத்துக்கு வருகிறார்கள். நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு லிங்க்ட்இன் பயன்படும். செய்முறை விளக்கத்துக்கு யூடியூப் இருக்கிறது. வாட்ஸ்அப் பற்றி மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் வணிகச் சேவையைத் தங்கள் மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும் நிறுவனங்கள், வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மட்டுமே விரும்பியபடி பதில் எழுத முடியும். அந்த நேரம் கடந்துவிட்டால் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்தியை மட்டுமே அனுப்பலாம். வெள்ளிக்கிழமை மாலை வந்த கேள்விக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லும் வழக்கமுள்ள அலுவலகம், அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்ட பிறகே இத்தளத்துக்கு வருவது நல்லது.

பதில் எழுதும் முறை

நான் சில ஆண்டுகள் சிறிய பில்லிங் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வேலைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. மாதந்தோறும் ஜிஎஸ்டி வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. அந்த நாட்களின் மாலை நேரத்தில் வரும் புகார்கள் மற்ற நாட்கள் எல்லாவற்றிலும் வருவதை மிஞ்சும். இருந்தும் நாங்கள் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை என்ற பொது நேரத்தையே வெகுகாலம் வைத்திருந்தோம்.

ஒரு 11ஆம் தேதி இரவு ஏழரை மணிக்கு, எங்கள் மென்பொருள் உருவாக்கித் தந்த கணக்குக் கோப்பை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற முயன்ற மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினார்: ‘ஜேசான் ஃபைல் போர்ட்டல்ல ஏத்தினா எரர் வருது. இன்னைக்கு கடைசி நாள்.’ எங்கள் கணக்கிலிருந்து தானாகச் சென்ற பதில் இது: ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விவரங்களை எங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பவும்.’ அவர் திரும்ப எழுதினார்: ‘மூணு மெயில் போட்டாச்சு. நீங்க வருத்தப்பட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?’ நாற்பது நிமிடம் கழித்து, வீட்டிலிருந்த ஆதரவுப் பிரிவு ஊழியர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘ஐயா, ஏதோ ஒரு பொருளுக்கு எச்எஸ்என் குறியீடு காலியாக இருக்கிறது. பொருள் பட்டியலை எச்எஸ்என் வரிசையில் அடுக்கினால் அது முதலில் வரும். நிரப்பிவிட்டுக் கோப்பை மறுபடி உருவாக்குங்கள். நான் ஒன்பது மணி வரை இங்கேயே இருக்கிறேன்.’ எச்எஸ்என் என்பது பொருளின் வகையைக் காட்டும் வரிக் குறியீடு. எட்டரைக்குள் அவர் தாக்கல் செய்து முடித்தார்.

இரண்டாவது பதிலில் வருத்தம் என்ற சொல்லே இல்லை. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததற்கான அடையாளமும், உடனே செய்யக்கூடிய ஒரு வேலையும், பதில் எழுதுபவர் எதுவரை கூடவே இருப்பார் என்பதும் அதில் இருந்தன. உங்கள் ஊழியர்களுக்கு ஆயத்தப் பதில்களை எழுதிக்கொடுப்பதாக இருந்தால், இம்மூன்றுக்கும் இடம் விட்டு எழுதிக்கொடுங்கள். அதற்கு முன்பாக, உங்கள் துறையின் 11ஆம் தேதி எது என்று கண்டுபிடித்து, அன்றைக்கு யார் இரவு வரை இருப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். பள்ளிகளுக்கான மென்பொருள் என்றால் அது தேர்வு முடிவு வரும் நாளாக இருக்கும். சம்பளக் கணக்கு மென்பொருள் என்றால் மாதத்தின் கடைசி வேலைநாள்.

சிக்கலின் பொதுவான பகுதிக்குப் பொதுவெளியிலேயே விடை சொல்லுங்கள். அதே பிழையில் மாட்டிய பிறர் அதைத் தேடிப் படிப்பார்கள். தொலைபேசி எண், ஜிஎஸ்டி எண், பில்லின் படம் ஆகியவை வேண்டுமானால் மட்டும் தனிச்செய்திக்கு அழையுங்கள். இதில் தாமதம் ஆபத்தானது. புகாரோடு தம் கைபேசி எண்ணையும் சேர்த்து வெளியிடும் வாடிக்கையாளரை, உங்கள் பெயரிலும் இலச்சினையிலும் போலிக் கணக்கு வைத்திருக்கும் மோசடிக்காரர்கள் உங்களுக்கு முன்பே அழைத்துவிடுவார்கள். ஓடிபி கேட்க மாட்டோம், கைபேசியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்ல மாட்டோம் என்ற அறிவிப்பைப் பக்கத்தின் உச்சியில் நிலையாக வையுங்கள். பணம் இழந்தவர் எவரேனும் எழுதினால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கும்படி உடனே சொல்லுங்கள். அந்த மோசடிக்கு நீங்கள் பொறுப்பல்ல என்ற விளக்கத்தைப் பிறகு எழுதலாம்.

சேவை முடங்கும் நாள்

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், 2017 ஜனவரி 31 அன்று வேறொரு சர்வரில் அழிப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புநகல் எடுப்பதற்கு வைத்திருந்த ஏற்பாடுகளும் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. சுமார் ஆறு மணி நேரத்துத் தரவு மீளவே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் அந்நிறுவனத்தை இன்று பலர் மரியாதையோடு நினைவுகூர்வதற்குக் காரணம் இருக்கிறது. மீட்புப் பணியின் குறிப்புகளை யாவரும் படிக்கும் ஆவணமாகத் திறந்துவைத்தார்கள், ட்விட்டரில் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பொறியாளர்கள் வேலை செய்வதை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் தவறு செய்தவரைப் பெயரால் சுட்டவில்லை.

நேரலை வரை எல்லோரும் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிட்லேபின் வாடிக்கையாளர்களும் பொறியாளர்களாக இருந்ததால் அது அந்நிறுவனத்துக்குப் பொருந்தியது. எது முடங்கியது, எது இன்னும் இயங்குகிறது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றையும் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டு, சொன்ன மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் ‘இன்னும் சரியாகவில்லை’ என்றாவது எழுதுங்கள். முன்பே நேரம் குறித்துவைத்த விளம்பரப் பதிவுகளை அன்று நிறுத்திவையுங்கள். சர்வர் முடங்கிக் கிடக்கும் வேளையில் ‘எப்போதும் உங்களோடு’ என்ற படம் தானாக வெளியாகிக் கேலிக்கு ஆளாவது அடிக்கடி நடக்கிறது. அறிவிக்கும் இடம் உங்கள் சொந்தச் சர்வரைச் சார்ந்து இருக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அந்தச் செய்தியைச் சொல்ல ஃபேஸ்புக் நிறுவனமே ட்விட்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தானியங்கிப் பதில்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2016 மார்ச்சில் ட்விட்டரில் உரையாட விட்ட ‘டே’ என்ற நிரல், பயனர்கள் சொல்லிக்கொடுத்த வசவுகளைத் திரும்பச் சொல்லத் தொடங்கியதால் ஒரே நாளுக்குள் திரும்பப் பெறப்பட்டது. செய்தி கிடைத்தது என்பதையும் அலுவலக நேரத்தையும் சொல்வதற்கு மேல், மனிதர் ஒருவர் பார்க்காத பதில் எதுவும் பொதுவெளிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு உங்களைப் பாராட்டும் பிரபலங்கள், அது விளம்பரம் என்பதைப் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது இந்தியாவில் விதி. ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

எதை எண்ணுவது

லைக் எண்ணிக்கையை மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுவதை நிறுத்துங்கள். முதல் பதிலுக்கு எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை புகார்கள் தீர்ந்தன, ஒரே புகாரை எத்தனை பேர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் ஆகியவை போதும். இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். அது பொறியாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாடிக்கையாளர்களின் வாக்கியங்களை அவர்களுடைய சொற்களிலேயே, திருத்தாமல், ஒரு தாளில் அச்சிட்டுப் பொறியாளர்களின் மேசையில் வைத்தோம். ‘ஏற்றுமதிக் கோப்பில் சரிபார்ப்புப் பிழை’ என்று நாங்கள் சுருக்கி எழுதியபோதெல்லாம் அசையாதவர்கள், ‘நீங்க வருத்தப்பட்டு எனக்கு என்ன ஆகப்போகுது’ என்ற வரியைப் படித்துவிட்டு எழுந்து வந்து விசாரித்தார்கள்.

எச்எஸ்என் குறியீடு காலியாக இருந்தால் கோப்பு உருவாவதற்கு முன்பே எச்சரிக்கும் வசதி மூன்று மாதம் கழித்து வந்தது. அதைப் புதிய பதிவாக அறிவிக்கும் முன், அந்த மளிகைக் கடைக்காரரின் பழைய பதிவைத் தேடியெடுத்து, அதன் கீழேயே ‘ஐயா, நீங்கள் சொன்னது சரிசெய்யப்பட்டுவிட்டது’ என்று எழுதினோம். மறுநாள் காலை அவருடைய பதில் வந்திருந்தது: ‘நல்லது தம்பி. அப்படியே கிரெடிட் நோட்டுக்கும் பாருங்க, அதுலயும் இதே கதைதான்.’