மொட்டை மாடி மழையைச் செடிக்குத் திருப்பலாம்: ஒரு டிரம்மில் தொடங்குவது எப்படி?

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும், கறிவேப்பிலையின் இலை நுனி பழுப்பாகக் கருகும். ஒரு நல்ல மழை பெய்து நாலு நாள் போகட்டும், அதே செடி துளிர் விட்டு நிற்கும். செடிக்குப் பிடித்த தண்ணீர் மாடியிலிருந்து பைப் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது, நான் மோட்டார் போட்டு உப்புத் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறேன். இது உறைத்த பிறகுதான் டிரம் வாங்கினேன்.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் பல வீடுகளில் மாடித் தண்ணீரைக் குழிக்குக் கொண்டுபோகும் பைப் ஏற்கெனவே இருக்கும். அதை அடைக்கச் சொல்லவில்லை. வழியில் ஒரு 200 லிட்டரைச் செடிக்கு எடுத்துக்கொண்டு, மீதியை வழக்கம்போல் குழிக்கே விடப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நம் அளவில் சொன்னால், 100 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்குச் சுமார் 90 லிட்டர். ஒரு பைப்பில் 500 சதுர அடித் தண்ணீர் இறங்குகிறது என்றால் அதே மழைக்கு 460 லிட்டர். தளம் உறிஞ்சுவது, சிதறுவது போக 350 கையில் நிற்கும். ஒரே மழையில் டிரம் நிரம்பிவிடும், பெரிய மழை தேவையில்லை.

இருபது தொட்டிகளுக்குத் தினம் ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால் 200 லிட்டர் பத்து நாள் வரும். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? டிரம்முக்கு உண்மையான வேலை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். சாயங்காலம் இடி மழை, அப்புறம் ஐந்து நாள் கொளுத்தும் வெயில் என்று போகும் மாதங்கள். ஐப்பசி வரட்டும் என்று காத்திருக்காமல் வைகாசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

1. டிரம்

நீல நிற பிளாஸ்டிக் டிரம், 200 லிட்டர். முழு மூடி கழன்று வரும், வாய் அகன்ற டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். மேலே இரண்டு சின்ன ஓட்டை மட்டும் உள்ள டிரம் விலை குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் உள்ளே கைவிட்டுக் குழாய் மாட்டவும் முடியாது, தேய்த்துக் கழுவவும் முடியாது. பழைய டிரம் என்றால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எண்ணெய், பழக்கூழ் போன்ற சாப்பாட்டுச் சாமான் என்றால் சரி. கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கழுவினால் வாசனைதான் போகும், உள்ளே ஊறிய ரசாயனம் போகாது.

2. மேடை

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். வெறும் மண்ணில் இரண்டு செங்கல் வைத்து நிறுத்தினால் முதல் மழையிலேயே ஒரு பக்கம் இறங்கிச் சாயும். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசை அடுக்கி, மேலே ஒரு கடப்பா கல் பலகை போடுங்கள். குழாய்க்குக் கீழே பூவாளி நிற்கிற உயரம் வந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து.

3. குழாய் மாட்டுவது

புதிதாகச் செய்பவர்கள் சொதப்புவது இங்கேதான். நானும் சொதப்பினேன். வட்டமாகத் துளை வெட்டும் ரம்பமான ஹோல் சா இல்லையென்று கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன். விளிம்பு உருகி மேடும் பள்ளமுமாக நின்றது, ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஒழுகி, காலையில் பாதி டிரம்தான் மிச்சம்.

ஆகவே முதலில் டேங்க் நிப்பிளை வாங்குங்கள், டிரம் சுவரில் குழாயைப் பொருத்த உதவும் மரை போட்ட இணைப்பு அது. முக்கால் இஞ்ச் நல்லது. அரை இஞ்ச் குழாயில் இந்த உயரத்துக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும். டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல்கடை மேலே நிப்பிளை வைத்து, மரை உள்ள பகுதியைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, அந்த அளவுக்கே ஹோல் சாவால் வெட்டுங்கள். இன்னும் கீழே போட்டால் அடியில் தங்கும் வண்டல் குழாயில் வந்து அடைக்கும். வெட்டிய விளிம்பைப் பிளேடால் வழித்துவிட்டு, உள்பக்கம் ஒரு ரப்பர் வாஷர், வெளிப்பக்கம் ஒன்று வைத்துக் கையால் முடிந்தவரை இறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் அரைச் சுற்று. குழாயின் மரையில் டெஃப்லான் டேப் பத்துச் சுற்று. பைப்பில் கைவைப்பதற்கு முன்பே டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

4. பைப்பைத் திருப்புவது

எங்கள் பாட்டி ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிப்பார். தூறல் விழுந்ததும் நாங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திட்டு விழும். "கூரை கழுவட்டும்டா, அப்புறம் பிடிக்கலாம்" என்பார். மொட்டை மாடிக்கும் அதே விதிதான். புறா எச்சம், காய்ந்த இலை, பட்டாசுக் காகிதம் எல்லாம் முதல் தண்ணீரோடுதான் இறங்கும்.

இதற்கென்று தனியாக ஃபில்டர் விற்கிறார்கள். தோட்டத்துக்கு அது தண்டச் செலவு. நான் செய்திருப்பது இதுதான்: டிரம் வாய்க்கு ஒரு முழம் மேலே, மழைநீர் பைப்பை ரம்பத்தால் வெட்டி, அங்கே ஒரு எல்போவை, அதாவது வளைந்த பைப் இணைப்பை, செருகினேன். பேஸ்ட் போடவில்லை, சும்மா இறுக்கமாகச் செருகியதுதான். அதனால் கையால் திருப்பலாம். ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் டிரம்முக்கு, மறுபக்கம் திருப்பினால் குழிக்குப் போகும் பழைய பைப்பின் வாய்க்கு. சாதாரணமாகக் குழிப் பக்கமே திரும்பியிருக்கும். மழை தொடங்கிக் கால் மணி நேரம் கழித்துக் குடையோடு போய் டிரம் பக்கம் திருப்புவேன். வெட்டுவதற்கு முன் மேல் பைப்பைச் சுவரில் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நழுவி இறங்கிவிடும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையை முழுசாகவே குழிக்கு விட்டுவிடுவது நல்லது.

5. வழிவது

மேல் விளிம்பிலிருந்து மூன்று விரல்கடை கீழே இரண்டு இஞ்ச் பைப் ஒன்று வைத்து, அதையும் குழிப் பக்கம் கொண்டுபோங்கள். மணிக்கு 50 மி.மீ. கொட்டும் மழையில் 500 சதுர அடியிலிருந்து நிமிடத்துக்கு 38 லிட்டர் வரும், ஐந்தாறு நிமிடத்தில் டிரம் ததும்பும். வழியும் தண்ணீர் சுவரோரம் தேங்கினால் அஸ்திவாரத்துக்குக் கேடு.

6. கொசு

இதில் மட்டும் சோம்பல் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது இந்த மாதிரி சுத்தமான, தேங்கிய தண்ணீர்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம் சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். ஆகவே வெறுமனே கொட்டிக் காலி செய்தால் போதாது, நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும்.

மூடியின் நடுவைப் பைப் அளவுக்கு வெட்டி, மூடிக்கும் டிரம்முக்கும் நடுவில் நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கொடுத்து இறுக்குங்கள். வழியும் பைப்பின் வாயிலும் வலை கட்டுங்கள். பலர் மறக்கும் இடம் அது. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளியும் புழு தெரிந்தால் அன்றைக்கே எல்லாத் தண்ணீரையும் செடிக்கு ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஊற்றும்போது

புறா உட்காரும் மாடித் தண்ணீர் என்பதால் கீரையின் இலைமேல் தெளிக்காமல் வேரோரம் மண்ணில் ஊற்றுங்கள். குடிக்க, பாத்திரம் கழுவ எடுக்க வேண்டாம். டிரம் வெயிலில் நின்றால் பாசி பிடிக்கும், பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினால் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால் டிரம்மைக் காலியாக விடாதீர்கள். காற்றில் உருண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் மோதும். பாதியாவது தண்ணீர் இருக்கட்டும். பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் காயவைத்து, குழாயைக் கழற்றி எடுத்துவிட்டு, நிழலில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு மாட்டும்போது வாஷரைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.