அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு முன் ஓர் ஆய்வக அனுபவம்

ஆய்வகத்தில் இடம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு சந்தேகத்தைக் கேளுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

தொடக்கத்தில் பிப்பெட் (திரவத்தை அளந்தெடுக்கும் குழாய்) பிடிப்பதும் குடுவை கழுவுவதும்தான் கிடைக்கும். அலுத்துக்கொண்டு இரண்டே மாதத்தில் விலகினால் பரிந்துரைக் கடிதமும் போச்சு.

ஆய்வகத்தில் செலவிட்ட மணிக்கணக்கை அன்றன்றே குறித்து வையுங்கள். பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் (AMCAS) 15 செயல்பாடுகள் வரை சேர்க்கலாம்; ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்துகள்தான். ‘பிசிஆர் (டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை) செய்தேன்’ என்று வீணாக்காமல், எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள், அதில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். நேர்காணலில் குடைவது அதைத்தான்.