ஓடிடியில் அடுத்த தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படம் பிடிக்காமல் போனால் இரண்டரை மணி நேரத்தோடு போயிற்று. தொடர் என்றால் கணக்கே வேறு. எட்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம் என்று வைத்தாலே ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று சீசன் இருந்தால் இருபது மணி நேரம். அவ்வளவு நேரத்தைக் கொடுக்கப்போகும் ஒன்றை, ஆப்பைத் திறந்ததும் மேலே பெரிதாக வந்து நிற்கும் போஸ்டரைப் பார்த்து அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

முகப்பில் கண்ணில் படுவதெல்லாம் நம்மை உள்ளே இழுப்பதற்காக அந்த நிறுவனம் அடுக்கிவைத்தவை. நமக்கு வேண்டிய தகவலும் பெரும்பாலும் அதே ஆப்பில்தான் இருக்கிறது, ஒரு தட்டு தள்ளி. எத்தனை சீசன், எத்தனை எபிசோட், எந்த மொழியில் எடுத்தது, யார் உருவாக்கியது என்பதெல்லாம் விவரப் பக்கத்தில் கிடைக்கும். அதைத் திறக்காமலே ப்ளே பட்டனை அழுத்துவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் ஆரம்பிக்கின்றன.

கதை முடிந்ததா என்று பார்க்காமல் தொடங்குவது

என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. ஒரு தொடரை ஒரே சீசனோடு நிறுத்திவிடுவது ஓடிடி உலகில் சர்வசாதாரணம். ‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடரை உருவாக்கிய அதே ஜோடி அடுத்து ‘1899’ எடுத்தது. 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் எட்டு எபிசோட் வந்தது. மொத்தம் மூன்று சீசனாக யோசித்துவைத்திருந்த கதை. ஆனால் 2023 ஜனவரி தொடக்கத்திலேயே அடுத்த சீசன் கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. கடைசி எபிசோட் ஒரு பெரிய கேள்வியைத் திறந்துவைத்துவிட்டு அங்கேயே நிற்கிறது. இன்றைக்குப் புதிதாக அந்தத் தொடரைத் தொடங்குகிறவருக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ‘டார்க்’ அப்படியில்லை. 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், 26 எபிசோட், போட்ட முடிச்சுகளை அவிழ்த்துத்தான் முடிக்கிறார்கள். இரண்டில் ஒன்றை எடு என்றால் எதை முதலில் பார்ப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

அதற்காக, பாதியில் நின்ற தொடர் எல்லாம் வீண் என்று ஒதுக்கவும் கூடாது. ‘மைண்ட்ஹன்ட்டர்’ இரண்டு சீசனோடு நின்றுபோனதுதான். ஆனால் எஃப்பிஐ அதிகாரிகள் சிறைக்குள் உட்கார்ந்து கொலையாளிகளோடு பேசும் அந்தக் காட்சிகள் தனித்தனியாகவே நிறைவானவை. ஒரே மர்மத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும் கதை பாதியில் நின்றால் ஏமாற்றம் பெரிது. எபிசோடுக்கு ஒரு வழக்கு என்று போகும் கதை நின்றால் இழப்பு குறைவு. கதையின் கட்டுமானம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொண்டு இறங்கினால் போதும்.

இங்கே உதவுவது ‘லிமிடெட் சீரிஸ்’ என்ற குறிப்பு. ஒரே சீசனில் கதையை முடிக்கும் எண்ணத்தோடு எடுத்தவை இவை. ‘தி குயின்ஸ் கேம்பிட்’ ஏழு எபிசோட், ‘செர்னோபில்’ ஐந்து, 2025-ல் வந்த ‘அடோலசென்ஸ்’ நாலே நாலு. நேரம் குறைவாக உள்ளவர், நீண்ட தொடரில் ஏற்கெனவே ஏமாந்தவர், தொடர் பார்ப்பதே புதிது என்பவர், இவர்கள் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். இன்னொரு வகை ஆந்தாலஜி. ‘பிளாக் மிரர்’ மாதிரி எபிசோடுக்கு ஒரு கதை, அல்லது ‘ஃபார்கோ’ மாதிரி சீசனுக்கு ஒரு கதை. இதில் எந்த இடத்தில் நுழைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. இது தெரியாமல், ஐந்து சீசனையும் வரிசையாகப் பார்க்க வேண்டுமே என்று மலைத்து விலகிப்போகிறவர்கள் நிறைய.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொடர் என்றால் இடைவெளியையும் யோசிக்க வேண்டும். ‘செவரன்ஸ்’ முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது. அடுத்தது வர 2025 ஜனவரி ஆயிற்று. அதற்குள் யார் யார், எது எங்கே விட்டது என்பதெல்லாம் பாதி மறந்துவிடும். காத்திருப்பதும் வாரம் ஒன்றாகப் பார்த்துப் பேசிக்கொள்வதும் சிலருக்குச் சந்தோஷம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கடைசி சீசன் வந்தபிறகு தொடங்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

டாப் 10-ஐயும் தம்ப்நெயிலையும் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது

டாப் 10 வரிசை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைச் சொல்வதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் வெளியிடும் வாரப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனிலிருந்து அவர்கள் ‘வியூ’ கணக்கிடும் முறை இது: மக்கள் பார்த்த மொத்த மணி நேரத்தைத் தொடரின் மொத்த நீளத்தால் வகுப்பது. எட்டு மணி நேரத் தொடரை ஒருவர் முழுசாக ரசித்துப் பார்த்து முடித்தால் ஒரு வியூ. எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் எழுந்துபோனாலும் அதே ஒரு வியூதான். இதற்கு முன்பு ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் ஓடியிருந்தாலே ‘பார்த்தவர்’ கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு, புதிதாக வந்த தொடரை முகப்பிலேயே பெரிதாகக் காட்டும்போது அது பட்டியலில் ஏறுவதும் எளிது. ஊரெல்லாம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ள அந்த வரிசை போதும். நல்ல தொடரைத் தேட அது போதாது.

தம்ப்நெயில், அதாவது ஆப்பில் ஒவ்வொரு தொடருக்கும் வரும் சின்னப் படம், அதன் விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரே தொடருக்கு எல்லாருக்கும் ஒரே படம் காட்டப்படுவதில்லை. ஒவ்வொருவரின் ரசனைக்கும் ஏற்ப எப்படிப் படத்தை மாற்றுகிறோம் என்று நெட்ஃப்ளிக்ஸின் பொறியாளர்களே 2017-ல் விளக்கி எழுதியிருக்கிறார்கள். காதல் கதைகள் பார்க்கிறவருக்குக் காதல் காட்சி, நகைச்சுவை பார்க்கிறவருக்கு அதே படைப்பில் நடித்த நகைச்சுவை நடிகரின் முகம். ஆக, இருண்ட குற்றக் கதை ஒன்று உங்கள் திரையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தோடு வர வாய்ப்பிருக்கிறது. அந்த நடிகர் கதையில் கொஞ்ச நேரமே வரலாம். சில ஆப்களில் தொடரின் பெயருக்குப் பக்கத்தில் வரும் ‘98% மேட்ச்’ போன்ற எண்ணும் இதே ரகம். நமக்குப் பிடிக்கக்கூடும் என்று இயந்திரம் போட்ட கணக்கு அது. 98 பேர் பாராட்டியதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு சேர்ந்த ஒரு சங்கடம், வீட்டில் எல்லாரும் ஒரே ப்ரொஃபைலில் பார்ப்பது. பிள்ளைகளின் கார்ட்டூனும் அப்பாவின் துப்பறியும் கதையும் கலந்தால் பரிந்துரை எப்படி உருப்படும்? ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த வரலாற்றிலிருந்து வேண்டாததை மறைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். நெட்ஃப்ளிக்ஸில் அப்படி மறைத்ததை வைத்து மேற்கொண்டு எதுவும் பரிந்துரைப்பதில்லை.

ரேட்டிங்கைத் தப்பாகப் படிப்பது

விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90% என்று பார்த்ததும் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறோம். அது எத்தனை சதவீத விமர்சகர்கள் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்ற பக்கம் நின்றார்கள் என்பதற்கான எண். பத்து விமர்சகர்களும் சுமார் என்று எழுதி, ஆனாலும் பார்க்கலாம் என்று முடித்தால் 100% வந்துவிடும். எட்டுப் பேர் கொண்டாடி, இரண்டு பேர் வெறுத்தால் 80%. இரண்டாவது தொடரில்தான் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படும். இன்னொன்று, வெளியீட்டுக்கு முன்னால் விமர்சகர்களுக்குப் பல நேரம் முதல் சில எபிசோட்களைத்தான் அனுப்புகிறார்கள். தொடர் எப்படி முடிகிறது என்று அந்த ஆரம்பகால விமர்சனங்களுக்குத் தெரியாது.

முடிவைப் பற்றித் தெரிந்துகொள்ள, பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளம் ஒரு வழி தருகிறது. எபிசோட் வாரியாக அங்கே மதிப்பெண் இருக்கும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு ஒட்டுமொத்தமாகப் பத்துக்கு 9-க்கு மேல் இருக்கிறது, கடைசி எபிசோடுக்கு வெறும் 4-ஐ ஒட்டித்தான். மொத்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. நீண்ட தொடர் எதையும் தொடங்கும் முன் ஒவ்வொரு சீசனின் கடைசி எபிசோட் எண்ணை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். கதைச் சுருக்கத்தில் கண் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யார் சாகிறார்கள் என்பதுவரை அங்கே எழுதியிருப்பார்கள்.

முதல் எபிசோடிலேயே தீர்ப்பு எழுதுவது

தொடரின் வேகம் படத்தின் வேகம் கிடையாது. ‘ஆண்டோர்’ இதற்கு நல்ல உதாரணம். முதல் சீசனில் 12 எபிசோட். 2022-ல் வந்தபோது முதல் மூன்றையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். காரணம், அந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு பகுதி. முதல் எபிசோடை மட்டும் பார்த்தால், எதையோ தேடி ஒருவன் அலைகிறான் என்பதற்கு மேல் பிடிபடாது. மூன்றாவது முடியும்போது ஏன் அவ்வளவு நிதானமாகத் தொடங்கினார்கள் என்று விளங்கும். இரண்டாவது சீசனை வாரத்துக்கு மூன்று எபிசோடாகவே விட்டார்கள். மெதுவாகத் தொடங்கும் தொடருக்கு மூன்று எபிசோட் அவகாசம் கொடுப்பது நியாயம். ஆனால் மொத்தமே நாலைந்து எபிசோட் உள்ள லிமிடெட் சீரிஸ், முதல் எபிசோடிலேயே நம்மைப் பிடித்திருக்க வேண்டும். அங்கே அவகாசம் தர வேண்டிய அவசியம் இல்லை.

நடிகரை மட்டும் நம்பிப் போவது

படம் பார்த்துப் பழகிய கண் நடிகரையும் இயக்குநரையும் தேடும். தொடரில் இயக்குநர் எபிசோடுக்கு எபிசோட் மாறலாம். ஆரம்பம் முதல் கடைசிவரை கதையைக் கையில் வைத்திருப்பவர் அதை உருவாக்கி எழுதுபவர். பிடித்த ஒரு தொடரின் விவரப் பக்கத்தில் ‘கிரியேட்டர்’ என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று தேடுவது எந்தப் பரிந்துரைப் பட்டியலைவிடவும் நன்றாக வேலை செய்யும். ‘தி குயின்ஸ் கேம்பிட்’ பிடித்தவர் ஸ்காட் ஃபிராங்க் பெயரைப் பின்தொடர்ந்தால் 2017-ல் வந்த ‘காட்லெஸ்’ கிடைக்கும், 2025-ல் வந்த ‘டிபார்ட்மென்ட் க்யூ’ கிடைக்கும். ஒன்று சதுரங்கம், ஒன்று குதிரையும் துப்பாக்கியும், ஒன்று போலீஸ் கதை. ஆனால் காயப்பட்ட மனிதர்களை அவசரமில்லாமல் நெருங்கிப் பார்க்கும் அந்தக் கை மூன்றிலும் தெரியும்.

‘ஒரிஜினல்’ முத்திரையை வைத்து யார் எடுத்தது என்று முடிவு கட்டுவதும் சரிவராது. ‘பெட்டர் கால் சால்’ அமெரிக்காவின் ஏஎம்சி சேனலுக்காக எடுக்கப்பட்டது. மற்ற பல நாடுகளில் நெட்ஃப்ளிக்ஸ் ஒரிஜினல் என்ற பெயரில் வந்தது. ‘மணி ஹைஸ்ட்’ 2017-ல் ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் 15 நீண்ட எபிசோடாக ஓடி முடிந்த கதை. நெட்ஃப்ளிக்ஸ் வாங்கி அதையே 22 சின்ன எபிசோடாக வெட்டித் தந்தது. ஒரிஜினல் என்பதற்காக ஒன்றைத் தூக்கிவைக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஒரிஜினல்தானே, எங்கே போய்விடும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். டிஸ்னி பிளஸ் தன் சொந்தத் தயாரிப்பான ‘வில்லோ’வை வெளியிட்டு ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் 2023 மே மாதம் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது.

வேற்று மொழித் தொடர் என்றால் ஒலியையும் சப்டைட்டிலையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சரிபார்த்துவிடுங்கள். பல நேரம் டப்பிங் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். குரல் ஒட்டாமல் போனதால் தொடரே செயற்கை என்று முடிவுசெய்து மூடியவர்கள் உண்டு. 2021-ல் ‘ஸ்க்விட் கேம்’ வந்தபோது இன்னொரு குழப்பமும் வெளியே வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வகை சப்டைட்டில் இருந்தன. ‘சிசி’ (காது கேளாதவர்களுக்கான க்ளோஸ்ட் கேப்ஷன்) என்று போட்டிருந்தது ஆங்கில டப்பிங் வசனத்தை ஒட்டியது, மற்றது கொரிய வசனத்தின் மொழிபெயர்ப்பு. கொரிய ஒலியோடு சிசி-யை வைத்துப் பார்த்தவர்களுக்கு, பேசுவது ஒன்றும் படிப்பது வேறொன்றுமாக இருந்தது. மூல மொழியில் கேட்பதாக இருந்தால் சிசி இல்லாத சப்டைட்டிலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்புறம், தேடுவதையும் பார்ப்பதையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போய் ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது பொறுமையாக விவரப் பக்கம் படிக்க யாருக்கும் மனசு வராது. பகலில் எப்போதாவது ஓய்வு கிடைக்கும்போது மூன்று நான்கு தொடர்களை ‘மை லிஸ்ட்’டில் சேர்த்துவையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐம்பது தொடர் சேர்ந்துவிட்டால் அதற்குள்ளேயே மறுபடி தேட வேண்டியிருக்கும். சேர்க்கும்போதே நீளமான ஒன்று, குட்டியான ஒன்று, மனசைக் கனக்க வைக்காத ஒன்று என்று கலந்து வைத்தால் அன்றைய மனநிலைக்கு ஏதாவது பொருந்தும்.

இவ்வளவு பார்த்துத் தொடங்கியும் பிடிக்காமல் போகலாம். அப்போது, ஐந்து எபிசோட் பார்த்தாயிற்றே என்பதற்காக மீதி ஐந்தையும் இழுத்துப் பிடித்துப் பார்ப்பது வேண்டாம். போன ஐந்து மணி நேரம் எப்படியும் திரும்பாது. நிறுத்திவிட்டு, ‘தொடர்ந்து பார்க்க’ வரிசையிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் அது முதல் ஆளாக வந்து நிற்கும்.