செயற்கைக்கோள் இணைப்பைச் சோதிப்பது எப்படி? அண்டார்டிகா–இந்தியா பாதையை வைத்து ஒரு செய்முறை

அண்டார்டிகாவுக்குக் கடலடிக் கேபிள் கிடையாது. அங்கிருந்து தரவு வெளியே வர வேண்டுமென்றால் வானத்து வழிதான். அங்குள்ள இந்திய ஆய்வு நிலையமான பாரதியில் இருக்கும் இஸ்ரோவின் தரைநிலையம், புவி நோக்குச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவை வாங்கி, இன்னொரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் ஷாட்நகருக்கு அனுப்புகிறது. இந்தப் பதிவின் கணக்குகளுக்கு அந்தப் பாதையையே எடுத்துக்கொள்கிறேன். வேகம் மட்டும் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டது: 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்).

லினக்ஸில் டெர்மினலைத் திறக்கத் தெரியும், இரண்டு முனையிலும் ஒரு கணினி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உலாவியில் ஓடும் வேகச் சோதனைத் தளங்கள் இந்த வேலைக்கு ஆகாது. அவை பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு சர்வரைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் எதிர்முனை எப்படி இருக்கிறது என்று சொல்லாது. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3, போய்வரும் நேரத்தைக் காட்டும் பிங், இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் இந்த மூன்றும் போதும். நிரந்தரமாகக் கண்காணிக்க பெர்ஃப்சோனார் அருமையான கருவிதான், ஆனால் முதல் நாளே அதை நிறுவ உட்கார்ந்தால் சோதனையே தொடங்காது.

படி 1: பிங்

பிங் போடும் முன் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிமீ உயரத்தில் இருக்கிறது. பாரதி 69 டிகிரி தெற்கில் இருப்பதால், செயற்கைக்கோள் நேர் வடக்கில் இருந்தாலும் தொடுவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அந்தச் சாய்வில் தூரம் 40,000 கிமீயைத் தாண்டும். ஹைதராபாத் பக்கத்தையும் சேர்த்து, போய்வர 510 மில்லிநொடியாவது ஆகும். மோடம் தன் பங்குக்குச் சேர்ப்பதையும் பார்த்தால், 600ஐ ஒட்டி வந்தால் சரி.

300 வந்தால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் பாக்கெட் (தரவின் சிறு துண்டு) இந்தச் செயற்கைக்கோள் வழியாகப் போகவே இல்லை. 1,100க்கு மேல் என்றால், அநேகமாக நடுவில் ஒரு மையத்தில் இறங்கி மறுபடியும் வானத்துக்கு ஏறுகிறது. இணைப்பு தருபவரிடம் கேளுங்கள். பிங்கை ஒரு நாள் முழுக்க, நேரமுத்திரையோடு (ஹைஃபன், பெரிய எழுத்து டி) ஓடவிட்டுக் கோப்பில் சேமியுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்தக் கோப்பிலேயே பதில் இருக்கும்.

படி 2: மேசையில் ஒத்திகை

உண்மையான இணைப்பில் நேரம் விலை அதிகம். அதனால் முதலில் இரண்டு மடிக்கணினிகளை ஒரு கேபிளால் இணைத்து, லினக்ஸின் நெட்எம் வசதியால் இரண்டு பக்கமும் 300 மில்லிநொடி தாமதம் வையுங்கள். பிங் 600 காட்டும். செயற்கைக்கோள் உங்கள் மேசைக்கு வந்தாயிற்று.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். நெட்எம் தாமதப்படுத்தும் பாக்கெட்டுகளை ஒரு வரிசையில் பிடித்து வைக்கும். அந்த வரிசையின் அளவு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், 1,000 பாக்கெட். 40 எம்பிபிஎஸ் வேகத்தில் 300 மில்லிநொடிக்கு எத்தனை பாக்கெட் வரும்? 1,500 பைட் பாக்கெட் என்றால் சரியாக 1,000. கொஞ்சம் வேகம் கூடினாலும் வழியும். ஒரே பக்கத்தில் 600 வைத்தால் பாதி பாக்கெட் தரையில்தான். திரையில் வெறும் பாக்கெட் இழப்பு என்றுதான் தெரியும். நாம் கேபிளை மாற்றுவோம், நெட்வொர்க் கார்டைத் திட்டுவோம். நெட்எம் கட்டளையிலேயே லிமிட் என்று போட்டு 10,000 கொடுங்கள், இழப்பு காணாமல் போய்விடும்.

படி 3: முதலில் யுடிபி

குழாயின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ள, பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் யுடிபிதான் வழி. ஐபெர்ஃப்3 யுடிபியில் வேகம் சொல்லாவிட்டால் 1 எம்பிபிஎஸ்ஸில்தான் அனுப்பும். அதைப் பார்த்து 'இணைப்பே இவ்வளவுதான்' என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. 10இல் ஆரம்பித்து ஐந்தைந்தாக ஏற்றுங்கள். இழப்பு தலைகாட்டும் இடம்தான் உங்கள் எல்லை. அப்புறம் பெரிய எழுத்து ஆர் போட்டு எதிர்த்திசையிலும் செய்யுங்கள். இரண்டு திசைக்கும் ஒரே வேகம் கொடுத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு வேண்டுகோள்: யுடிபி யாருக்கும் வழிவிடாது. எதிர்முனையில் யாராவது வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை ஓட்டாதீர்கள்.

படி 4: டிசிபி

யுடிபியில் 40 வந்த இணைப்பில் டிசிபி 1 எம்பிபிஎஸ்கூடத் தொடாமல் நிற்கலாம். இணைப்பில் கோளாறு இல்லை. டிசிபி ஒரு அளவுக்கு அனுப்பிவிட்டு, 'கிடைத்தது' என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். அந்த அளவுதான் விண்டோ. பழைய கருவிகளோடு வரும் கணினிகளில் அது 64 கிலோபைட்டைத் தாண்டாது. 64 கிலோபைட்டை 0.6 நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் 0.87 எம்பிபிஎஸ். அவ்வளவுதான் வரும், மோடத்தை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சரி.

குழாயை நிரப்ப எவ்வளவு வேண்டும்? 40ஐ 0.6ஆல் பெருக்கினால் 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட். லினக்ஸில் டிசிபி பஃபரின் (விண்டோவுக்கு இடம் தரும் நினைவகம்) உச்ச அளவை இரண்டு முனையிலும் 16 மெகாபைட்டாக வைத்துவிடுங்கள். அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்ப்பது வீண் வேலை. அனுப்பும் கணினியில் மட்டும் நெரிசல் கட்டுப்பாட்டை (எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று டிசிபி முடிவு செய்யும் முறை) க்யூபிக்கிலிருந்து பிபிஆருக்கு மாற்றுங்கள். ஒரு பாக்கெட் தொலைந்ததும் க்யூபிக் வேகத்தைக் குறைத்துவிடும். 600 மில்லிநொடித் தாமதத்தில் மறுபடி ஏறி வர வெகுநேரம் ஆகும். இழப்பைப் பார்த்துப் பதறாத பிபிஆர்தான் இங்கே என் தேர்வு.

ஐபெர்ஃப்3 வழக்கமாக ஓடும் 10 நொடியும் இங்கே போதாது. டிசிபி பத்து பாக்கெட்டில் தொடங்கி, போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிக்கும். 3 மெகாபைட்டை எட்ட எட்டு சுற்று, அதாவது கிட்டத்தட்ட ஐந்து நொடி. சோதனையில் பாதி மலையேற்றத்திலேயே போய்விடும். 60 நொடி ஓட்டுங்கள், முதல் 10 நொடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள் (பெரிய எழுத்து ஓ, பிறகு 10). பல ஓடைகளாக (ஒரே நேரத்தில் பல டிசிபி இணைப்புகளாக) பிரித்து அனுப்பினால் எண் அழகாக வரும். ஆனால் அது பஃபர் குறையை மூடி மறைத்துவிடும் என்பதால், முதலில் ஒற்றை ஓடைதான்.

பின்சேர்க்கை 1: ஐபெர்ஃப்3இல் 38 வருகிறது, எஸ்சிபியில் கோப்பு அனுப்பினால் 28ஐத் தாண்டவில்லை என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். எஸ்சிபிக்கு அடியில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் தனக்கென்று ஏறத்தாழ 2 மெகாபைட் விண்டோ வைத்திருக்கிறது. 0.6 நொடிக்கு 2 மெகாபைட் என்று போட்டுப் பாருங்கள், அதே 28 வரும். கோப்புகளைப் பிரித்து இரண்டு ஆர்சிங்க் (கோப்பு அனுப்பும் இன்னொரு கருவி) ஓட்டுவது எளிய வழி.

பின்சேர்க்கை 2: பஃபரைத் தொடாமலேயே நல்ல வேகம் வருகிறது, விபிஎன் போட்டால் விழுகிறது என்றால், மோடத்துக்குள் டிசிபி முடுக்கி இருக்கிறது. அது எதிர்முனைக்காகத் தானே பதில் சொல்லிவிடும். விபிஎன் மூடிய பாக்கெட்டுக்குள் அதனால் பார்க்க முடியாது. கர்லில் இணைப்பு ஏற்படும் நேரத்தைக் கேளுங்கள். பிங் 600 காட்டும்போது கர்ல் 5 மில்லிநொடியில் இணைந்தால் முடுக்கி இருப்பது உறுதி.

பின்சேர்க்கை 3: மார்ச்சில் தினமும் ஒரே நேரத்தில் சில நிமிடம் அறுந்துபோகிறதா? சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, வாங்கும் ஆன்டெனாவை இரைச்சலால் நிரப்புகிறது. இரண்டு அரைக்கோளத்துக்கும் இது ஒரே நாளில் வராது. ஹைதராபாத்துக்கு மார்ச் இரண்டாம் வாரத்தை ஒட்டி, பாரதிக்கு ஏப்ரல் முற்பாதியில். செப்டம்பர் பக்கம் இந்த வரிசை தலைகீழாகும். அடிபடுவது வாங்கும் பக்கம் மட்டும்தான். யுடிபியை இரு திசையிலும் தனித்தனியாக ஓட்டினால் ஒன்று மட்டும் விழுவது தெரியும். டிசிபியில் இரண்டும் நின்றுவிடும், ஏனென்றால் பதில் பாக்கெட்டும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

தென்துருவத்துக்கும் இதே முறை பொருந்துமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 81 டிகிரியைத் தாண்டினால் புவிநிலைச் செயற்கைக்கோளே கண்ணில் படாது. சாய்ந்த சுற்றுப்பாதைக்கு நகர்ந்துவிட்ட பழைய செயற்கைக்கோள்கள் மேலே வரும் சில மணி நேரம்தான் கிடைக்கும். தென்துருவத்தில் இருக்கும் ஐஸ்க்யூப் நியூட்ரினோ ஆய்வகம் நாளுக்கு ஏறத்தாழ 100 ஜிபி அனுப்புவது அப்படித்தான். அங்கே படி 1க்கு முன்னால் ஒரு கால அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.