விபத்து வருவது சோதனை முடிந்த பிறகுதான்: ஆய்வுக்கூடக் கழிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோதனை நடக்கும்போது ஆள் பக்கத்திலேயே நிற்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார், செய்முறைத் தாள் கையில் இருக்கிறது. வேலை முடிந்து மிச்சத்தைக் கழிவுப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டு நாசி லெமாக் சாப்பிடக் கிளம்பியதும் அங்கே யாரும் இல்லை. ஆனால் வேதிவினை அந்தப் போத்தலுக்குள்ளும் நடக்கும். அதற்கு யாரும் செய்முறை எழுதி வைப்பதில்லை. கோலாலம்பூர், பினாங்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் சோதனைக்கூடங்களிலும் கவனிக்க வேண்டிய தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

முதலில் நைட்ரிக் அமிலம். இதன் கழிவை அசிட்டோன், எத்தனால், ஐசோபுரோப்பனால் போன்ற கரைப்பான்களுடன் சேர்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே யாரும் சேர்ப்பதில்லை. தவறு வேறு வழியில் நுழைகிறது. காலியான கரைப்பான் போத்தலை அமிலக் கழிவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அடியில் சில மில்லிலிட்டர் எத்தனால் தங்கியிருக்கிறது. அல்லது குடுவையை அசிட்டோனால் அலசி, அந்த அலசல் நீரையும் அமிலப் போத்தலிலேயே ஊற்றுகிறார்கள். வினை உடனே தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. சில நிமிடங்களோ சில மணி நேரமோ மெதுவாகச் சூடேறும். சூடு ஏறஏற வேகம் கூடும். நைட்ரஜன் ஆக்சைடு வாயு பழுப்பாகக் கிளம்பும். மூடி இறுக்கமாக இருந்தால் கண்ணாடிப் போத்தல் சிதறும். நைட்ரிக் அமிலத்துக்குத் தனிப் போத்தல் வேண்டும். கரைப்பான் இருந்த போத்தலை அதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

எஃகு மாதிரிகளைப் பொறிக்கப் பயன்படும் நைட்டாலும் இதே குடும்பம்தான்: எத்தனாலில் சில விழுக்காடு நைட்ரிக் அமிலம். அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும்; இறுக்கி மூடி அலமாரியில் வைக்கக் கூடாது. சிந்திய நைட்ரிக் அமிலத்தைத் துடைத்த காகிதத்தைச் சாதாரணக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும்.

கண்ணாடியிலும் சிலிக்கானிலும் ஒட்டிய கரிமக் கறையை நீக்கும் பிரான்யா கரைசல் தயாரிப்பவர்களுக்கும் இது பொருந்தும். மூன்று பங்கு அடர் கந்தக அமிலத்துக்கு ஒரு பங்கு 30 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடைத்தான் அமிலத்தில் மெதுவாகச் சேர்க்க வேண்டும், மாற்றி அல்ல. பயன்படுத்தியதை ஃபியூம் ஹூடுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) திறந்த கண்ணாடிக் கலனில், 'பிரான்யா, தொடாதீர்கள்' என்று எழுதி, இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அப்போதும் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் கழிவுப் போத்தலுக்குக் காற்றுத்துளை மூடி கட்டாயம்.

அடுத்தது நம் ஊர் வெயில். குளிர் நாட்டில் எழுதிய கையேடுகள் இதைப் பற்றி அதிகம் பேசாது. டைஎத்தில் ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். டைகுளோரோமீத்தேன் சுமார் 40 டிகிரியில். ஹரி ராயாவுக்கோ சீனப் புத்தாண்டுக்கோ கட்டடத்தை மூடி ஏர்கோனை அணைத்துவிட்டால், மதிய நேரத்தில் பூட்டிய அறை ஈதரின் கொதிநிலையைத் தொட்டுவிடக்கூடும். விளிம்புவரை நிரப்பிய போத்தலில் திரவம் விரிய இடமில்லை. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். விடுமுறைக்கு முன்பே ஈதர் கழிவை அனுப்பிவிடுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது தீர்வாகாது. ஈதர் ஆவி −45 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலையை எட்டிவிடும். உள்ளிருக்கும் விளக்கும் தெர்மோஸ்டாட்டும் எழுப்பும் ஒரு பொறி போதும். தீப்பற்றும் பொருளுக்கென்றே செய்த, உள்ளே பொறி எழாத பெட்டிதான் வேண்டும்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. கழிவுப் போத்தலில் புனலைச் செருகி, திறந்தபடியே விட்டுவிடுவது. திரவக் கலவைகளைப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி கருவியின் கழிவுக் குழாயைப் போத்தல் வாயில் விட்டு அலுமினியத் தாளைச் சுற்றுவதும் அப்படித்தான். அதில் ஓடும் அசிட்டோநைட்ரைல் கரைப்பானின் ஆவியை அறையில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் சுவாசிப்பார்கள். குழாய் நுழையத் துளையும் கரி வடிகட்டியும் உள்ள மூடிகள் விலைக்குக் கிடைக்கின்றன.

உயிரியல் கூடங்களில் வேறொரு பழக்கம்: எதையும் குளோராக்ஸ் வெளுப்பான் ஊற்றி 'கொன்றுவிட்டு' சிங்கில் கொட்டுவது. ஆர்.என்.ஏ பிரித்தெடுக்கும் கிட்களில் வரும், செல்களை உடைக்கும் லைசிஸ் கரைசலில் குவானிடின் தயோசயனேட் இருக்கும். வெளுப்பானோடு அது சேர்ந்தால் சயனைடு வகை நச்சு வாயு வரும். கிட் கரைசலின் பாதுகாப்புத் தாளைப் பார்க்காமல் வெளுப்பானைத் தொடாதீர்கள். ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) கரைசல்களில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் அசைடு இன்னொரு சிக்கல். செம்பு, ஈயக் குழாய்களில் அது படிந்து வெடிக்கும் தன்மையுள்ள உலோக அசைடாக மாறும். அமிலத்தோடு சேர்ந்தால் கொடிய ஹைட்ரசோயிக் அமிலம். திட அசைடை உலோகக் கரண்டியால் அள்ளாமல் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள்.

கையுறை விஷயம். உலகுக்கே ரப்பர் கையுறை விற்கும் நாடு நம்முடையது. அதனாலேயோ என்னவோ, நைட்ரைல் போட்டால் எதையும் தொடலாம் என்ற நினைப்பு இங்கே அதிகம். மெல்லிய நைட்ரைலை டைகுளோரோமீத்தேன் ஓரிரு நிமிடத்துக்குள் ஊடுருவிவிடும், அசிட்டோனும் சீக்கிரமே. 1996இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஒரு பேராசிரியரின் லேடெக்ஸ் கையுறைமீது கொடிய பாதரசச் சேர்மமான டைமெத்தில் மெர்க்குரி சில துளி பட்டது. கையுறையை அது சில நொடிகளிலேயே கடந்துவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில்தான் தெரியவந்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். கையுறையில் துளி பட்டால் உடனே கழற்றிப் புதிது போடுங்கள். அபாயம் கூடிய பொருளுக்குப் பல அடுக்கு லேமினேட் கையுறையை உள்ளே போட்டு, மேலே தடித்த கையுறை போடுவதே முறை.

குறைகடத்திப் பணிகளில் வரும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். அதன் கழிவைப் பாலிஎத்திலீன் கலனில்தான் சேர்க்க வேண்டும். நீர்த்த அமிலம் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாது, ஆழமாக இறங்கிய பிறகுதான் தெரியும். இதற்கு முதலுதவியான 2.5 விழுக்காட்டு கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டாலோ, இருந்தும் காலாவதியாகியிருந்தாலோ வேலையைத் தொடங்காதீர்கள்.

லேபிளுக்கு வருவோம். 100 பிளஸ் பானப் போத்தலில் கரைப்பானை ஊற்றி வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், யாராவது குடித்துவிடுவார். ஆனால் சரியான போத்தலிலும் 'வேஸ்ட்' என்று மட்டும் மார்க்கரால் எழுதியிருந்தால் அதுவும் பயனற்றது. இறுதியாண்டு மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அடையாளம் தெரியாத கழிவைப் பரிசோதனை செய்யாமல் கழிவு அகற்றும் குத்தகையாளர் எடுக்க மாட்டார்; அதன் செலவு துறையின் தலையில்.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு) விதிமுறைகள்படி, கழிவு முதன்முதலில் உண்டான தேதி, உண்டாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கலன்மீது இருக்க வேண்டும். கவனியுங்கள்: போத்தல் நிரம்பிய தேதி அல்ல, முதல் துளி விழுந்த தேதி. சேர்த்து வைக்க 180 நாள்தான் அவகாசம். அதற்குள்ளேயே 20 டன்னைத் தாண்டவும் கூடாது. ஒவ்வொரு கழிவுக்கும் குறியீட்டு எண் உண்டு: ஹாலோஜன் (குளோரின் போன்ற தனிமம்) இல்லாத கரைப்பான் கழிவு எஸ்.டபிள்யூ 322, ஹாலோஜன் உள்ளது 323, பயன்படாத பழைய ஆய்வுக்கூட இரசாயனம் 430. எரியூட்டும்போது குளோரின் உள்ள கரைப்பான்களிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும் என்பதால்தான் இந்தப் பிரிவினை. 20 லிட்டர் ஹெக்சேன் கழிவில் யாரோ ஒருவர் கொஞ்சம் குளோரோஃபார்மை ஊற்றினால் மொத்தக் கலனும் 323 ஆகிவிடும். போதாததற்கு, குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தின் முன்னிலையில் கடுமையாக வினைபுரியும்.

'தண்ணீர் நிறைய விட்டால் போதும்' என்று சிங்கில் கொட்டுபவர்கள் 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துக்கொள்ளட்டும். ஆய்வுக்கூடத்து அளவு சிறியதுதான். ஆனால் அது போய்ச் சேரும் குழாய் வேறல்ல.

கடைசியாகப் பழைய ஈதர். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டைஆக்சேன் ஆகியவை காற்றுப் பட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாக்கும். திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தி முடியுங்கள், அல்லது சோதனைத் தாளால் பாருங்கள். பெராக்சைடு 100 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) தாண்டினால் அது கழிவுதான். எவ்வளவு குறைவாக இருந்தாலும் முழுக்க வற்றும்வரை ஆவியாக்காதீர்கள்: கரைப்பான் போய்விடும், பெராக்சைடு அடியில் அடர்ந்து நிற்கும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், துடைக்காதீர்கள். மூடியின் உராய்வே போதும் அது வெடிக்க. காய்ந்துபோன பிக்ரிக் அமிலப் போத்தலுக்கும் இதே விதி. எல்லாரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டி, பாதுகாப்பு அதிகாரியை அழையுங்கள். போத்தலை எடுப்பது அவர் வரவழைக்கும் பயிற்சி பெற்ற குழுவின் வேலை.