சந்தி பிரித்தால் தளை தட்டும்

நொய்யல் கரையோரம் நெய்யும் தறியோசை
பொய்யா தெழுப்பும் பொழுது

இந்தக் குறள் வெண்பாவை அலகிடும்போது, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து அடுத்தடுத்த சீர்கள் இணையும் தளையைப் பார்க்கும்போது, பலர் சறுக்குவது இரண்டாம் அடியில். ‘பொய்யாது எழுப்பும்’ என்று பிரித்துவிட்டால் பொய்/யா/து, நேரசையில் முடியும் மூன்றசைச் சீர், அதாவது காய்ச்சீர். அடுத்து ‘எழுப்’ நிரை (குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி கொண்ட அசை). காய் முன் (அதாவது காயை அடுத்து) நிரை வந்தால் கலித்தளை, அது வெண்பாவில் வரக்கூடாது, வெண்பா கெட்டது. ‘பொய்யா தெழுப்பும்’ என்றே விடுங்கள். பொய்/யா நேரில் முடியும் ஈரசைச் சீர், அதாவது மா; மா முன் நிரை, வெண்பாவுக்குரிய வெண்டளை சரியாக நிற்கும்.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்தால் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். நொய்யல்–பொய்யா பொருந்தும், ‘காய்ந்து’ பொருந்தாது, கா நெடில். முதலடி மூன்றாம் சீரில் ‘நெய்யும்’ இருக்கிறதே, அது முதல் சீரோடு எதுகையாவதால் பொழிப்பெதுகை. அடிகளின் கடைசி ஒலி ஒத்தால் இயைபு. இதை எதுகை என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

செய்யுளில் ஒரு சொல் திரும்ப வந்தால், எந்த அணி என்று சொல்லப் பொருளைப் பாருங்கள். அதே பொருளில் வந்தால் சொற்பொருள் பின்வருநிலையணி, வேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலையணி.